மேசைக்கணினியின் துலங்கலுக்கு எந்தக் கெர்னல்? ஸென், லிக்கரிக்ஸ், ஸான்மாட், கேச்சிஓஎஸ் – ஒரு மதிப்பீடு

பெரிய மென்பொருள் ஒன்றைப் பின்னணியில் கம்பைல் செய்ய (மூல நிரலைக் கணினி ஓட்டத்தக்க நிரலாக மாற்ற) விட்டுவிட்டு உலாவியில் ஒரு நீண்ட பக்கத்தை உருட்டிப் பார்த்தால், சில இடங்களில் உருட்டல் திக்குவதை லினக்ஸ் மேசைக்கணினி வைத்திருக்கும் பலரும் கண்டிருப்பார்கள். சிபியூ பழையது, வேகம் போதவில்லை என்று அதற்குக் காரணம் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் ஒரே நேரத்தில் பதினாறு வேலைகளை ஓட்டும், அதாவது பதினாறு இழைகள் கொண்ட புதிய சிபியூவிலும் இந்தத் திக்கல் வருகிறது. கணினிக்கு வேலை செய்யும் திறன் இருக்கிறது; அந்தத் திறன் நம் விரல் அசைந்த அந்தக் கணத்தில் நமக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல். யாருக்கு எப்போது கிடைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இயங்குதளத்தின் கருவான கெர்னல் என்பதால், துலங்கலுக்கென்றே, அதாவது நம் செயலுக்குக் கணினி உடனே பதில் தருவதற்கென்றே, மாற்றியமைக்கப்பட்ட கெர்னல்களைத் தேடிப் போகிறோம்.

இந்த மதிப்பீட்டில் நான் கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. கணினி சுமையில் இருக்கும்போது ஒரு விசைத்தட்டலோ, சுட்டியின் அசைவோ, திரையில் வரவேண்டிய ஒரு ஃபிரேமோ மிக மோசமான நிலையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதே அது. சராசரிக் கணக்கு இங்கே உதவாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவிநாடியும், 144 ஹெர்ட்ஸ் திரையில் ஏறத்தாழ 6.9 மில்லிவிநாடியும்தான் அவகாசம். ஆயிரம் ஃபிரேம்களில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு சரியாக வந்து, மீதிப் பத்து தவறினால் சராசரி எண் அழகாகவே இருக்கும். கண்ணுக்கு மட்டும் அந்தப் பத்துதான் தெரியும். ஆகவே, கம்பைல் வேகம் இத்தனை விழுக்காடு கூடியது என்ற ஒப்பீட்டுப் படங்களை வைத்துத் துலங்கலுக்கான கெர்னலைத் தேர்ந்தெடுப்பது பொருத்தமில்லை. சொல்லப்போனால், துலங்கலுக்காகச் செய்யப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை மொத்த வேலை அளவைச் சற்றுக் குறைக்கக் கூடியவை.

சோதித்த கணினிகள் இரண்டு: ஆர்ச் லினக்ஸ் என்னும் வழங்கல் (லினக்ஸ் கெர்னலோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்துத் தரும் தொகுப்பு) ஓடும் எட்டுக் கோர் ரைசன் மேசைக்கணினி ஒன்று, டெபியன் என்னும் மற்றொரு வழங்கல் ஓடும் 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்று. சுமைக்காக, இழைகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு வேலைகளோடு கெர்னலையே கம்பைல் செய்யவிட்டு, அதன்மேல் காணொளி, உலாவி, ஒரு விளையாட்டு ஆகியவற்றை ஓட்டிப் பார்த்தேன். தாமதத்தை அளக்க சைக்ளிக்டெஸ்ட் என்னும் கருவியையும், ஃபிரேம் நேரத்தைப் பார்க்க மேங்கோஹட்டையும் பயன்படுத்தினேன். எந்தக் கெர்னலில் துவக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதபடி வீட்டிலுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உட்கார்ந்து பார்த்ததும் உண்டு. இதை எல்லாரும் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். புதிய கெர்னலை நிறுவியவுடன் எல்லாம் வேகமாகத் தோன்றுவது மனித இயல்பு.

கெர்னல்களுக்குள் போகுமுன் அவை எதை மாற்றுகின்றன என்று தெரிந்துகொள்வது அவசியம். பந்தியில் பரிமாறுபவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஐம்பது பேருக்கும் முறைவைத்துச் சோறு போடுவது நியாயம்தான். ஆனால் ஒருவர் தண்ணீர் மட்டும் கேட்டால், அவரை வரிசை முடியும்வரை விக்கலோடு உட்கார வைப்பது நல்ல பரிமாறலாகாது. கெர்னலில் இந்தப் பணியைச் செய்வது ஷெட்யூலர். 2023 அக்டோபரில் வந்த 6.6 பதிப்பு முதல் லினக்ஸில் ஈஈவிடிஎஃப் என்னும் ஷெட்யூலர் இருக்கிறது. 1995இல் அயோன் ஸ்டோய்காவும் ஹுசைன் அப்தெல்-வஹாபும் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் உள்ள வழிமுறையைப் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பணிக்கும் அதற்குரிய பங்கை நியாயமாகக் கொடுப்பதோடு, குறைந்த நேரத் துண்டைக் கேட்கும் பணிக்கு அருகிலுள்ள கெடுவைக் கொடுத்து முன்னால் விடுகிறது என்பது இதன் சாரம்.

அந்த நேரத் துண்டு, எட்டோ அதற்கு மேலோ இழைகள் உள்ள கணினியில், ஏறத்தாழ 3 மில்லிவிநாடி. இங்கேதான் டிக் என்னும் கடிகாரத் துடிப்பு குறுக்கே வருகிறது. கெர்னல் 250 ஹெர்ட்ஸில் கட்டப்பட்டிருந்தால் துடிப்பு 4 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் வரும். துண்டு 3 மில்லிவிநாடியில் தீர்ந்துபோனாலும், விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பணியை நிறுத்த அடுத்த துடிப்பு வரவேண்டும். 1000 ஹெர்ட்ஸில் துடிப்பு மில்லிவிநாடிக்கு ஒன்று. தூங்கி எழும் பணி துடிப்புக்குக் காத்திராமலே முந்த முடியும் என்பதால் வேறுபாடு எல்லா இடத்திலும் தெரியாது. சிபியூ முழுவதும் நிரம்பியிருக்கும்போது தெரியும். துலங்கல் கெர்னல்களில் பெரும்பாலானவை 1000 ஹெர்ட்ஸில் கட்டப்படுவதற்கு இதுவே காரணம். பொது வழங்கல்களும் இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டன, உபுண்டு 24.10 பதிப்பில் 1000 ஹெர்ட்ஸுக்கு மாறியது.

இன்னொன்று ப்ரீஎம்ப்ஷன். ஒரு நிரல் கெர்னலுக்குள் நுழைந்து நீண்ட வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது, அதை நடுவில் நிறுத்தி அவசரமான பணிக்கு இடம் கொடுக்கலாமா, அது தானாக விட்டுக்கொடுக்கும் இடம்வரை காத்திருக்க வேண்டுமா என்பதே இந்தக் கேள்வி. முன்பெல்லாம் இதற்குக் கெர்னலை மறுபடி கட்ட வேண்டும். 2021 ஏப்ரலில் வந்த 5.12 பதிப்பு முதல், துவக்க வரியில் 'ப்ரீஎம்ப்ட்=ஃபுல்' என்ற அளவுருவைச் சேர்த்தாலே போதும்; புழக்கத்திலுள்ள முக்கிய வழங்கல்களின் கெர்னல்கள் இந்த வசதியோடுதான் கட்டப்படுகின்றன. துவக்கப் பதிவில் 'டைனமிக் ப்ரீஎம்ப்ட்' என்று தொடங்கும் வரியைத் தேடினால் உங்கள் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தனிக் கெர்னல் எதையும் நிறுவுமுன் இதைப் பார்க்காமல் இருப்பது சரியன்று.

இந்தத் துறையின் வரலாற்றைக் கான் கோலிவாஸ் என்ற பெயரில்லாமல் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவராக இருந்துகொண்டே, சர்வர்களை மட்டும் மனத்தில் வைத்துக் கெர்னல் வளர்வதாகக் கண்டு, வீட்டுக் கணினிப் பயனருக்காக 'சிகே' என்ற பேட்ச் தொகுப்பை (கெர்னலின் நிரலில் செய்யும் திருத்தங்களின் தொகுப்பை) ஆண்டுக்கணக்கில் பராமரித்தவர் அவர். யார் ஊடாடும் பணி, யார் பின்னணிப் பணி என்று ஊகிக்காமல், நியாயமாகப் பகிர்ந்தாலே துலங்கல் வந்துவிடும் என்பதை அவருடைய ஷெட்யூலர்கள் காட்டின. 2007இல் 2.6.23 பதிப்பில் இங்கோ மோல்னாரின் சிஎஃப்எஸ் ஷெட்யூலர் இடம்பிடித்தபோது அந்தக் கருத்து வென்றது. கோலிவாஸின் நிரல் உள்ளே வரவில்லை. அவ்வாண்டு விலகியவர் 2009இல் பிஎஃப்எஸ் ஷெட்யூலரோடும், 2016இல் அதன் வாரிசான மக்எஸ்எஸ் ஷெட்யூலரோடும் மறுபடி வந்து, 2021இல் ஓய்வு பெற்றார். இன்று நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் கெர்னல்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அவர் கேட்ட கேள்வியின் தொடர்ச்சி என்றே கருதுகிறேன். அவருக்கு உரிய மதிப்பு முழுமையாகக் கிடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தனிக் கெர்னல்களின் பெருமை ஒரு வகையில் அவற்றின் தேவையையே குறைத்துவிட்டது. அங்கே சோதிக்கப்பட்டவையும், அங்கே முதலில் பயனர்களைப் பெற்றவையும் ஒவ்வொன்றாக, எல்லா வழங்கல்களுக்கும் அடிப்படையான மூலக் கெர்னலுக்குள் வந்துவிட்டன. வட்டுக்கான பிஎஃப்க்யூ ஷெட்யூலர் 4.12 பதிப்பில் வந்தது. விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டும் வைன், புரோட்டான் போன்றவற்றுக்கு வேண்டிய புதிய ஃபியூடெக்ஸ் வசதி 5.16இல் வந்தது, அதே நோக்கத்துக்கான என்டிசிங்க் 6.14இல். நினைவகத்தில் எதை வைத்திருப்பது, எதை வெளியேற்றுவது என்று தீர்மானிக்கும் பல தலைமுறை எல்ஆர்யூ 6.1இல் வந்துவிட்டது. எனவே ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பரிந்துரைகளை வைத்து இன்று முடிவெடுப்பது பயன் தராது.

இனி, ஒவ்வொன்றாக.

ஆர்ச் பயனருக்கு நான் தயங்காமல் சொல்லும் கெர்னல் ஸென். அதற்கு முதற்காரணம் வேகமன்று, அது இருக்குமிடம். ஆர்ச்சின் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலேயே ஸென் இருப்பதால், வழக்கமான கெர்னலுக்குக் கிடைக்கும் அதே கையொப்பமும், அதே கட்டமைப்பும், ஏறத்தாழ அதே நேரத்தில் பாதுகாப்புத் திருத்தங்களும் இதற்கும் கிடைக்கின்றன. மாற்றங்களும் அடக்கமானவை. ஈஈவிடிஎஃப் ஷெட்யூலரைத் தூக்கியெறியாமல், அதன் நேரத் துண்டைச் சுருக்கி, 1000 ஹெர்ட்ஸ் துடிப்பையும் முழு ப்ரீஎம்ப்ஷனையும் வைத்து, சுழலும் வட்டுகளுக்கு பிஎஃப்க்யூவையும் என்விஎம்இ போன்ற வேக வட்டுகளுக்குக் கைபர் என்னும் வட்டு ஷெட்யூலரையும் இயல்புநிலையாக்கியிருக்கிறார்கள். பழைய விளையாட்டுகள் சிலவற்றை வேண்டுமென்றே மெதுவாக்கிவிடும் ஸ்பிளிட் லாக் தண்டனையையும் நீக்கியிருக்கிறார்கள். பலரும் கவனிக்காத ஒரு மாற்றம் நினைவகப் பகுதியில் இருக்கிறது: கடந்த ஒரு விநாடிக்குள் தொடப்பட்ட பக்கங்களை நினைவகத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற காப்பு. நினைவகம் நிரம்பும்போது சாளரங்கள் உறைந்துபோவதற்குக் காரணம், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பக்கங்களையே கெர்னல் வெளியேற்றிவிட்டு, மறுகணமே வட்டிலிருந்து மீண்டும் படிப்பதுதான். அந்தச் சுழலை இந்தக் காப்பு தடுக்கிறது.

மேசைக்கணினியில் ஸென்னின் பயன் எனக்கு எங்கே தெரிந்தது என்றால், கம்பைல் ஓடும்போது சாளரங்களை இழுப்பதிலும், காணொளியை முன்னும் பின்னும் நகர்த்துவதிலும்தான். சும்மா இருக்கும் கணினியில் வழக்கமான ஆர்ச் கெர்னலுக்கும் இதற்கும் என்னால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. கண்ணைக் கட்டாத குறையாகச் செய்த சோதனையில் பாதிக்குப் பாதி தவறாகவே ஊகித்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சுமை இல்லாத இடத்தில் ஷெட்யூலர் தீர்மானிக்க எதுவும் இல்லை என்பதே இதன் பொருள். மடிக்கணினியில் மின்கலத்தை நம்பி வேலை செய்பவர்கள் மட்டும், இந்தக் கெர்னல் மின்சிக்கனத்தை இரண்டாமிடத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஸென்னின் துலங்கல் மாற்றங்களுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டீவன் பேரட்தான் லிக்கரிக்ஸையும் பராமரிக்கிறார். டெபியன், உபுண்டு பயனர்களுக்கு எளிதில் நிறுவத்தக்க தொகுப்பாக இது கிடைக்கிறது. ஸென்னிலிருந்து இதைப் பிரிப்பது ஷெட்யூலர்: ஈஈவிடிஎஃப்புக்குப் பதிலாக, ஆல்ஃப்ரெட் சென் உருவாக்கிய பிடிஎஸ் என்னும் ஷெட்யூலரைக் கொண்டிருக்கிறது. கோலிவாஸின் மக்எஸ்எஸ்ஸின் வழிவந்தது அது. இசைப்பதிவு, விளையாட்டு போன்ற தாமதம் பொறுக்காத வேலைகளைக் குறிவைத்து, மொத்த வேலை அளவில் இழப்பு வந்தாலும் பரவாயில்லை என்று துணிந்து கட்டப்பட்ட கெர்னல். பழைய மடிக்கணினியில் இதன் நன்மை எனக்கு ஸென்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கோர்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு தீர்மானத்துக்கும் விலை அதிகம். அங்கே பிடிஎஸ்ஸின் கறாரான கெடு முறை சுட்டியையும் ஒலியையும் தடுமாறவிடவில்லை. கோர்கள் பலவாக இருக்கும் பெரிய கணினியில் அதே கெர்னல் கம்பைல் வேலையைச் சற்று நீட்டியது. இரவு முழுவதும் காணொளி மாற்றும் வேலையை ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தாது.

ஸான்மாட் வேறு குணம் கொண்டது. அலெக்ஸாண்ட்ரே ஃப்ராடே பராமரிக்கும் இந்தக் கெர்னல், துலங்கலையும் மொத்த வேகத்தையும் ஒருசேரப் பேண முயல்கிறது. முதன்மை, எட்ஜ் (மிகப் புதியது), எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு), ஆர்டி (நிகழ்நேரம்) என்ற கிளைகளும், சிபியூ தலைமுறைக்கேற்ற தனித்தனித் தொகுப்புகளும் இருக்கின்றன. ஏவிஎக்ஸ்2 என்னும் திசையன் கட்டளை (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும்) வசதியுள்ள சிபியூக்களுக்கு எக்ஸ்86-64-வி3 தொகுப்பு என்று எண்ணிக்கொள்ளலாம். இன்டெலில் 2013இன் ஹேஸ்வெல் முதல் பெரும்பாலான மேசைக்கணினிச் சிபியூக்கள் இதில் அடங்கும். ஆனால் இந்த வி3 தொகுப்பின்மீது பெரும் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கெர்னல் தன் பொதுவான நிரலில் திசையன் கட்டளைகளைப் பயன்படுத்துவதில்லை. தேவைப்படும் குறியாக்கப் பகுதிகள் சிபியூவைத் தாமே கண்டறிந்து வேகமான வழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பயனர் நிரல்களில் வி3 தரும் பலன் கெர்னலில் அதே அளவுக்குக் கிடைக்காது. ஸான்மாட்டின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. டெபியனின் நிலையான பதிப்பை வைத்திருப்பவருக்கு, வழங்கலை மாற்றாமலே புதிய கெர்னலும், அதனோடு புதிய கிராஃபிக்ஸ் டிரைவர்களும், புதிய ஷெட்யூலரும் வந்துவிடுகின்றன. பழைய கெர்னலிலிருந்து 6.6க்கு மேற்பட்ட ஒன்றுக்குத் தாவும்போது தெரியும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு மூலக் கெர்னலுடையது. அதைக் கொண்டுவந்து சேர்த்த நன்மையில் குறைவில்லை.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிக நேரம் உட்காரவைத்தது கேச்சிஓஎஸ் கெர்னல். ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்ட அந்த வழங்கலின் கெர்னல்களை ஆர்ச்சிலும் நிறுவிக்கொள்ளலாம். ஃபெடோராவுக்கும் கோப்பர் களஞ்சியம் வழியாகக் கிடைக்கின்றன. ஒரு கெர்னல் என்பதைவிட ஒரு குடும்பம் என்று சொல்வதே பொருந்தும்: ஈஈவிடிஎஃப், போர், பிஎம்க்யூ என்று ஷெட்யூலர் வாரியாகவும், கிளாங் என்னும் கம்பைலர் கொண்டு இணைப்புநேர மேம்பாட்டோடு கட்டியவை என்றும் பல வகைகள் இருக்கின்றன. அவற்றில் போர் எனப்படுவது ஜப்பானைச் சேர்ந்த மசஹிதோ சுஸுகி எழுதியது. ஒரு பணி தானாக விட்டுக்கொடுப்பதற்குமுன் தொடர்ச்சியாக எவ்வளவு நேரம் சிபியூவைப் பிடித்துவைத்திருக்கிறது என்று கணக்கு வைத்து, சிறு சிறு வெடிப்புகளாக வேலை செய்யும் பணிகளுக்கு முன்னுரிமை தருகிறது. உலாவி, உரைத்தொகுப்பான், சாளர மேலாளர் போன்றவை பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. கம்பைலர் அப்படி நடப்பதில்லை. ஆகவே யார் ஊடாடும் பணி என்ற ஊகம் மறுபடி வந்துவிட்டது என்று கொள்ளலாம். கோலிவாஸ் எதிர்த்ததும் அதைத்தான். ஆனால் இங்கே அந்த ஊகம் நியாயப் பங்கீட்டின் மேல் ஏறி நிற்கிறது, அதற்கு மாற்றாக வரவில்லை என்ற வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

போரின் மிகப் பெரிய நன்மை, அதை ஓடும்போதே அணைக்கலாம் என்பது. 'கெர்னல்.ஷெட்_போர்' என்ற அமைப்பைச் சுழியாக்கினால் அதே கெர்னல், அதே டிரைவர்கள், அதே சுமையோடு போர் இல்லாத நிலைக்குப் போய்விடுகிறது. வேறு எந்தக் கெர்னலையும் இவ்வளவு நேர்மையாக ஒப்பிட முடியாது. இரண்டு கெர்னல்களுக்கிடையே நூறு வேறுபாடுகள் இருக்கும், இங்கே ஒன்றே ஒன்று. இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தபோது, சிபியூ நிரம்பி வழியும் நிலையில் விளையாட்டின் ஃபிரேம் நேரக் கோடு போர் இருக்கும்போது தெளிவாகச் சமன்பட்டது. இழைகளின் எண்ணிக்கைக்குக் குறைவான வேலைகள் ஓடும்போது கோட்டில் மாற்றமில்லை.

2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பு ஷெட்_எக்ஸ்ட் என்னும் வழியைத் திறந்துவிட்டதால் இந்தக் களமே மாறிக்கொண்டிருக்கிறது. ஷெட்யூலரைப் பிபிஎஃப் நிரலாக (கெர்னலுக்குள் பாதுகாப்பாக ஏற்றத்தக்க சிறு நிரலாக) எழுதி, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றலாம், இறக்கலாம். அந்த நிரல் தவறிழைத்து ஏதேனும் ஒரு பணியைப் பட்டினி போட்டால், காவல் கடிகாரம் அதை வெளியேற்றி, இயல்பான ஷெட்யூலரைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஸ்டீம் டெக் போன்ற கையடக்க விளையாட்டுக் கணினிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட லாவ்டி, ஆண்ட்ரியா ரிகி எழுதிய பிபிஎஃப்லேண்ட் ஆகிய இரண்டும் மேசைக்கணினியில் முயலத்தக்கவை. இவற்றில் பிபிஎஃப்லேண்ட் எனக்கு மிகவும் பிடித்தது: கம்பைல் சுமையில் முனையத்தில் தட்டச்சு செய்வது சுமையற்ற கணினியில் செய்வதுபோலவே இருந்தது. இந்த வசதியோடு கட்டப்பட்ட எந்தக் கெர்னலிலும் இவை ஓடும் என்பதால், ஷெட்யூலருக்காக மட்டும் தனிக் கெர்னல் நிறுவ வேண்டிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று நம்புகிறேன்.

அதே 6.12இல்தான் இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு நிகழ்நேரக் கெர்னலான ப்ரீஎம்ப்ட்_ஆர்டி மூலத்தில் முழுமையாக இணைந்தது. பெயரைப் பார்த்து, துலங்கலுக்கு இதுதான் உச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆர்டியின் நோக்கம் வேகமன்று. குறித்த கெடுவுக்குள் பணி தொடங்கும் என்ற உறுதி. தொழிற்சாலை இயந்திரங்களுக்கும், மிகச் சிறிய இடைநினைவகத்தோடு ஒலிப்பதிவு செய்பவர்களுக்கும் அது உயிர்நாடி. உலாவிக்கும் விளையாட்டுக்கும் அதனால் நன்மை சிறிது, இழப்பு அதிகம். என்விடியாவின் டிரைவர் ஆர்டி கெர்னலைக் கண்டால் இயல்பாக நிறுவ மறுப்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

தனிக் கெர்னல் எதையும் நிறுவாமல் சரிசெய்யக்கூடிய திக்கல்கள் பல இருக்கின்றன என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். விரலி (யூஎஸ்பி பென் டிரைவ்) ஒன்றுக்குப் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது கணினி முடங்குகிறதா? எழுதப்படாத தரவை நினைவகத்தில் 20 விழுக்காடு வரை தேக்கிவைக்க மூலக் கெர்னல் அனுமதிக்கிறது. 16 ஜிபி கணினியில் அது ஏறத்தாழ 3 ஜிபி. விநாடிக்கு 10 எம்பி எழுதும் விரலிக்கு அந்தத் தேக்கத்தை வடிக்க ஐந்து நிமிடம் ஆகும். 'விஎம்.டர்ட்டி_பைட்ஸ்' அமைப்பில் சில நூறு எம்பி என்று வரம்பு வைத்தாலே இந்த முடக்கம் பெரும்பாலும் போய்விடும். 8 ஜிபி நினைவகத்தில் உலாவியின் கீற்றுகள் (டேப்கள்) கூடியதும் உறைகிறதா? ஸிராம் எனப்படும் சுருக்கிய ஸ்வாப்பை (நினைவகத்திலிருந்து வெளியேற்றும் பக்கங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கும் இடத்தை) இயக்குங்கள். ஃபெடோரா 33 முதல் அது இயல்புநிலையிலேயே இருக்கிறது. ஸென்னில் நான் பாராட்டிய ஒரு விநாடிக் காப்பையும், பல தலைமுறை எல்ஆர்யூ இயங்கும் எந்தக் கெர்னலிலும் 'மின்_டிடிஎல்_எம்எஸ்' என்ற கோப்பில் 1000 என்று எழுதிப் பெறலாம். என் பழைய மடிக்கணினியில் எந்தத் தனிக் கெர்னலைவிடவும் அதிக மாற்றத்தைத் தந்தவை இந்த இரண்டும்தான். கம்பைல் வேலையையே 'நைஸ்' கட்டளையோடு தாழ்ந்த முன்னுரிமையில் ஓட்டுவதும் பலர் மறந்துவிட்ட எளிய வழி.

எதிர்ப்பக்கத்தில், விலக்க வேண்டிய அறிவுரை ஒன்றும் இருக்கிறது. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் போன்ற சிபியூ குறைபாடுகளுக்கான காப்புகளை அணைத்துவிட்டால் வேகம் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. உலாவியில் யாரோ எழுதிய நிரலை நாள்முழுதும் ஓட்டும் மேசைக்கணினியில் அதைச் செய்யக் கூடாது. புதிய சிபியூக்களில் பல காப்புகள் வன்பொருளிலேயே இருப்பதால் கிடைக்கும் பலனும் மிகச் சிறிது.

நிறுவுவதில் உள்ள இடர்களையும் சொல்லியாக வேண்டும். நம்பத்தக்க கையொப்பம் உள்ளதை மட்டும் துவக்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் வழங்கலின் கையொப்பமில்லாத கெர்னல் துவங்காது; சொந்தத் திறவியை உருவாக்கி, கணினியில் பதிவுசெய்து, கெர்னலில் கையொப்பமிட வேண்டும், அல்லது செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் போன்று மூலத்துக்கு வெளியே உள்ள மாட்யூல்கள் ஒவ்வொரு கெர்னலுக்கும் மறுபடி கட்டப்பட வேண்டியவை. கெர்னலோடு அதன் ஹெடர் தொகுப்பையும் நிறுவ மறந்தால் அடுத்த துவக்கத்தில் கருந்திரைதான். கெர்னல் மிகப் புதியதாக இருந்தால், டிரைவர் அதற்கு இன்னும் தயாராகாத இடைவெளி ஒன்றும் அவ்வப்போது வரும். ஆகவே வழங்கலின் கெர்னலை ஒருபோதும் நீக்காமல் துவக்கப் பட்டியலில் வைத்திருங்கள். பராமரிப்பவர் ஒருவரே என்றால், அவர் ஓய்வு பெறும் நாளும் வரும் என்பதற்குச் சிகே தொகுப்பே சான்று. மூலத்தில் அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வந்ததும் எத்தனை நாளில் அந்தக் கெர்னலுக்கு வந்து சேர்கிறது என்பதைச் சில வாரங்கள் கவனித்துவிட்டு நம்புவது நல்லது.

என் பரிந்துரை இதுதான். ஆர்ச் வைத்திருப்பவர் ஸென்னை நிறுவலாம். ஷெட்யூலர்களை ஆராயும் ஆர்வம் இருந்தால் கேச்சிஓஎஸ்ஸின் போர் வகையை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். டெபியனில், கோர்கள் குறைந்த பழைய கணினி என்றால் லிக்கரிக்ஸ். புதிய வன்பொருள் என்றால் ஸான்மாட்டின் முதன்மைக் கிளை. உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் அண்மைப் பதிப்புகளில் இருப்பவர்கள் முதலில் ப்ரீஎம்ப்ஷன் அளவுருவை மாற்றி, நினைவக அமைப்புகளைச் சரிசெய்து, தம் வழக்கமான வேலையைச் சுமையோடு செய்து பார்க்கட்டும். அதன் பிறகும் திக்கல் இருந்தால், மாற்றும் கெர்னலை ஒருநாளின் உணர்வை வைத்து முடிவு செய்யாமல், தம்மைப் பாதித்த அதே சுமையில், அதே விளையாட்டில், அதே திரையில், ஃபிரேம் நேரக் கோட்டின் மிக உயர்ந்த முனைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கட்டும்.